நீலகிரியில் தேனிலவு: விடுதியின் பின்பக்கத்தைக் கேளுங்கள்

தை மாதம் உங்களுக்குக் கல்யாணம். முடிந்த கையோடு நான்கு நாள் நீலகிரி. ஓர் இரவுக்கு ஆறாயிரம் ரூபாய் வரை போகலாம். "காட்டைக் கெடுத்துக் கட்டிய இடத்தில் நான் தங்க மாட்டேன்" என்று கட்டிக்கப்போகிற பெண் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நீங்கள் தேடிப் பிடித்தவை இரண்டு: மசினகுடிப் பக்கம் பெயரிலேயே 'ஈகோ' (eco) வைத்திருக்கும் ஒரு ரிசார்ட், குன்னூருக்கு மேலே கண்ணாடிச் சுவரும் ஜக்கூசியும் (சுடுதண்ணீர்க் குளியல் தொட்டி) வைத்த ஒரு காட்டேஜ். இதில் எது உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இருவருக்கும் வாழ்த்துகள். நீங்கள் எழுதிய விவரங்களை மட்டும் வைத்துச் சொன்னால், நான் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைத் தேடச் சொல்வேன். காரணத்தைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் கோத்தகிரிக்காரன். விடுதிகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் ஹீட்டர் போட்டுக் கொடுப்பது தொழில். பதினெட்டு வருடம் ஆகிறது. வருகிற விருந்தாளிகள் ஒரு விடுதியை வரவேற்பறை வழியாகப் பார்ப்பார்கள். எனக்குப் பின்பக்கம்தான் முதலில் தெரியும்.

ஏழெட்டு வருடம் முன்பு ஒரு விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள். பன்னிரண்டு அறை. கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை. குளியலறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் இலைப் படம் போட்ட ஓர் அட்டை: 'துண்டை மறுமுறை பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்.' நல்ல காகிதம், நல்ல அச்சு. பின்னால் போய் செப்டிக் டேங்க் மூடியைத் தூக்கினேன். நான்கு அறைக்குக் கட்டிய தொட்டி அது. நாலறை பன்னிரண்டு அறையானபோது தொட்டியை யாரும் பெரிதாக்கவில்லை. வழிகிறதற்கு ஒரு நாலு இஞ்ச் பிவிசி குழாய், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒளிந்து ஒளிந்து கீழே போய் ஓடையில் முடிந்தது. அதே ஓடையில் இன்னும் நூறு அடி இறங்கினால் ஓர் ஊற்றுத் தொட்டி, அதன் விளிம்பில் இரண்டு பிளாஸ்டிக் குடம். கீழே இருக்கிற ஹட்டிக்கு (படுகர் ஊர்) குடிதண்ணீர் அதுதான். உரிமையாளரிடம் சொன்னேன். "மழை வந்தா அடிச்சிட்டுப் போயிரும்ணே" என்றார்.

'கிரீன்வாஷிங்', அதாவது பொய்யான பசுமை வேஷம், என்ற சொல்லே இந்தத் துண்டு அட்டையிலிருந்து பிறந்ததுதான் தெரியுமா? 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர், சலவைச் செலவை மிச்சம் பிடிக்கும் விடுதிகள் அதையே பூமிக்குச் செய்யும் சேவையாகக் காட்டிக்கொள்வதைக் கிண்டல் செய்து எழுதிய கட்டுரையில் வந்த சொல் அது. நாற்பது வருடம் ஆகியும் அட்டை மாறவில்லை.

அதனால் விடுதிக்குப் போன் செய்தால் "நீங்கள் ஈகோ ஃப்ரெண்ட்லியா?" என்று கேட்காதீர்கள். "எல்லாமே நேச்சர்தான் சார்" என்று பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருது? கழிவுத் தண்ணீர் எங்கே போகுது?" உருப்படியான இடமாக இருந்தால் உரிமையாளர் உற்சாகமாகிவிடுவார். "மழைத் தண்ணி டேங்க் இருக்கு, அம்பதாயிரம் லிட்டர். ஏப்ரல் வரைக்கும் வரும். குளிக்கிற தண்ணி தனியா வடிகட்டித் தோட்டத்துக்குப் போகுது" என்று அவரை நிறுத்த முடியாது. மற்றவர்கள் ஒரு நொடி தயங்கிவிட்டு, "அதெல்லாம் மேனேஜர் பார்த்துக்கிறார்" என்பார்கள். அந்த ஒரு நொடி போதும்.

தண்ணீரை இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நீலகிரி ஈரமாக, பச்சையாகத் தெரியும். ஆனால் இங்கே தண்ணீரைத் தேக்கி வைத்துக் கொடுப்பது சோலைக்காடும் புல்வெளியும்தான். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்தப் புல்வெளிகளில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டு, தேயிலை போட்டு, கட்டடம் கட்டி, மிச்சம் இருப்பது கொஞ்சம். கோத்தகிரியில் லாங்வுட் சோலை என்று 116 ஹெக்டேர் காடு இருக்கிறது. பக்கத்துக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அது. 2024 ஜனவரியில் ராம்சார் என்கிற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். குன்னூர் நீண்ட காலம் ரேலியா அணையைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. கோடையில் குன்னூர் வீடுகளுக்கு வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராத காலம் உண்டு. அந்த நாட்களிலும் விடுதிகளுக்கு டேங்கர் லாரி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

குழாய் வேலைக்கான இந்தியத் தர அளவில், விடுதி என்றால் ஒரு படுக்கைக்கு நாளைக்கு 180 லிட்டர் என்று கணக்கு. இரண்டு பேர் உட்காருகிற ஜக்கூசியை ஒரு தடவை நிரப்பவே முந்நூறு, நானூறு லிட்டர் போய்விடும். ஒரு ஜோடி கிளம்பினதும் அதைக் கொட்டிக் கழுவி அடுத்த ஜோடிக்கு நிரப்ப வேண்டும். அத்தனையையும் குளிரில் கொதிக்க வைக்க வேண்டும். உங்கள் குன்னூர் காட்டேஜில் எனக்கு உள்ள முதல் சங்கடம் அதுதான். இரண்டாவது, அந்தக் கண்ணாடிச் சுவர். படத்தில் அழகு. ராத்திரி குளிரை அப்படியே உள்ளே விடும், ஹீட்டர் விடிய விடிய ஓடும். இருட்டாக இருக்க வேண்டிய சரிவு முழுக்க வெளிச்சம் கொட்டும். பகலில் பறவைகள் வந்து மோதும். எனக்குத் தெரிந்த ஒரு கண்ணாடி வீட்டில் காலையில் துடைப்பம் எடுக்கிற அம்மா முதலில் தேடுவது செத்த சிட்டுகளைத்தான்.

மலைப் பகுதிக் கட்டட விதிகளில் உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருக்கிறது. படத்தில் மூன்று நான்கு மாடி தெரிந்தால், அல்லது சரிவை நெட்டுக்குத்தாக வெட்டி அதன் மேல் நிற்கிற கட்டடமாகத் தெரிந்தால், கேள்வியே கேட்காமல் அடுத்ததைப் பாருங்கள். 2009 நவம்பர் மண்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். வெட்டிய சரிவின் ஆபத்து எங்களுக்குத் தெரியும்.

சரி, மசினகுடிக்கு வருவோம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போக வர வைத்திருக்கும் பாதை மசினகுடி இருக்கிற சீகூர்ப் பீடபூமி வழியாகத்தான் போகிறது. அந்த வழியை 2010இல் அரசு யானை வழித்தடமாக அறிவித்தது, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 27 ரிசார்ட்டுகளை 48 மணி நேரத்தில் சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபர் 14 தீர்ப்பில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று முடித்தது. ஆக, அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட் என்றால் முதல் கேள்வி அறையைப் பற்றியதே இல்லை. எந்த நிலத்தில் நிற்கிறது, உள்ளாட்சி உரிமம் எந்தப் பெயரில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதுதான். கேட்டால் அனுப்ப வேண்டும். அனுப்பத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

2021 ஜனவரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மசினகுடியில் தங்கும் விடுதி ஒன்றின் வாசலுக்கு வந்த ஆண் யானையின் மேல் எரியும் டயரைத் தூக்கி எறிந்தார்கள். காது வெந்து தொங்கியது. வனத்துறையினர் மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றி முதுமலையில் இருக்கிற தெப்பக்காட்டு யானை முகாமுக்குக் கொண்டு போகும் வழியில் இறந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த வனக் காவலர் லாரிக்குப் பக்கத்தில் நின்று துதிக்கையைத் தடவியபடி அழுத வீடியோவை நாடே பார்த்தது. அதற்கு முன்பு வரைக்கும் அந்தப் பகுதி விடுதிகள் விளம்பரத்தில் போட்டுக்கொண்டிருந்ததும் இதே யானைகளைத்தான்: 'அறையிலிருந்தே யானை பார்க்கலாம்.'

அந்த மாதிரி வாக்குறுதி எங்கே கண்டாலும் ஒதுங்கிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு விலங்கு தானாக வராது. உப்புக் கட்டி வைத்திருப்பார்கள், பலாப்பழம் போட்டிருப்பார்கள், சமையலறைக் கழிவைப் பின்னால் கொட்டியிருப்பார்கள். கோத்தகிரி, குன்னூரில் கரடி வீட்டுக்கதவை உடைக்கிற கதைகளில் பாதி, திறந்து கிடக்கிற குப்பையில் ஆரம்பிக்கிறவை. 'நைட் சஃபாரி' என்று தனியார் ஜீப்பில் கூட்டிப் போகிறார்களே, அது சட்டவிரோதம். பிடித்தால் உங்களுக்கும் அபராதம். தேனிலவுக்கு நல்ல நினைவு இல்லை அது. முதுமலை பார்த்தே ஆக வேண்டும் என்றால் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் போங்கள். வனத்துறையின் ஓய்வு விடுதிகளையே பதிவு செய்து தங்கவும் வழி இருக்கிறது. வசதி சுமார்தான். ஆனால் ராத்திரி அங்கே கேட்கிற நிசப்தத்தை எந்த ரிசார்ட்டும் தராது.

விமர்சனங்களை எப்படிப் படிப்பது என்று ஒன்று சொல்லித் தருகிறேன், இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள், ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டினவர்களைப் படியுங்கள். "சுடுதண்ணீர் காலை ஒன்பது மணி வரைதான்." அப்படியானால் சோலாரோ விறகு பாய்லரோ இருக்கிறது. "ஒன்பது மணிக்கு மேல் பாட்டு போட விடவில்லை." அருமை. "கேம்ப் ஃபயர் கேட்டோம், முடியாது என்றார்கள்." பதிவு செய்யுங்கள். "தண்ணீர் பாட்டில் தரவில்லை, ஜக்கில் வைத்தார்கள்." நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, ஆகவே அந்த ஆள் சட்டப்படி நடக்கிறார். அதே நேரம் "ஓனர் அண்ணன் சூப்பர், காட்டுமாட்டுக்கு நாங்களே கையால் கேரட் கொடுத்தோம்" என்ற ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்தால் ஓடிவிடுங்கள். காட்டுமாடு ஆயிரம் கிலோ எடை வரும். கேரட் பழகினது அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் போய் நிற்கும்.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலக நிலைத்த சுற்றுலாக் குழு என்கிற ஜிஎஸ்டிசி, விடுதிகளுக்கு நேராகச் சான்று கொடுப்பதில்லை. சான்று கொடுக்கிற நிறுவனங்களைத்தான் அது அங்கீகரிக்கிறது. எனவே "நாங்கள் ஜிஎஸ்டிசி" என்று மொட்டையாகச் சொன்னால், எந்த நிறுவனம் தணிக்கை செய்தது என்று கேளுங்கள். புக்கிங் டாட் காமே தன் பசுமை இலை அடையாளத்தை 2024இல் எடுத்துவிட்டது. அது பயணிகளைத் தவறாக நினைக்க வைக்கும் என்று நெதர்லாந்து நுகர்வோர் ஆணையம் சொன்ன பிறகு. மூன்று நான்கு அறை வைத்து நடத்துகிற குடும்பத்துக்குச் சான்றிதழ் வாங்கக் காசு இருக்காது. அதற்காக அவர்களை ஒதுக்க வேண்டாம்.

உண்மையில் உங்களுக்கு நான் சொல்ல வருகிற மூன்றாவது இடம் அந்த மாதிரிதான். கோத்தகிரியிலோ குன்னூர் ஓரத்திலோ பழைய வீட்டைப் பழுது பார்த்து மூன்று முதல் ஆறு அறை வரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சரிவை வெட்டவில்லை, மரம் சாய்க்கவில்லை, கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது. பெரும்பாலும் உரிமையாளர் அங்கேயே குடியிருப்பார், தன் வீட்டுக் கிணற்றில் தானே கழிவை விட மாட்டார். உங்கள் பட்ஜெட்டுக்கும் சரியாக வரும். தனிமை கிடைக்குமா என்று யோசிப்பீர்கள். தனி வாசல் உள்ள அறை கேளுங்கள், இருக்கும். உரிமம் மட்டும் இங்கேயும் கேட்க மறக்காதீர்கள். அனுமதியே வாங்காமல் 'ஹோம்ஸ்டே' பலகை மாட்டினவர்களும் நிறைய.

போனில் இன்னொரு கேள்வி கேட்கலாம், முடிந்தால் நேரில் போனதும் கண்ணால் பாருங்கள்: வேலை செய்கிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள்? ஒரு விடுதியில் ஹவுஸ்கீப்பிங் பையன்கள் நாலு பேர் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் படுத்திருந்ததைப் பார்த்தேன். ஜனவரியில் இங்கே புல்லில் உறைபனி படியும். விருந்தாளி அறையில் இரண்டு ரஜாய், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு கம்பளி. மூங்கில் ஸ்ட்ரா வைத்திருக்கிற இடம்தான் அதுவும்.

சாப்பாட்டை எடுத்துக்கொண்டால், மெனு கார்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. காலையில் சொன்னால் மதியம் சமைக்கிற வீடாக இருந்தால் ராகிக் களியும் அவரைக் குழம்பும் கிடைக்கும், மிச்சம் குப்பைக்குப் போகாது. ஏதாவது வாங்கிப் போக நினைத்தால் கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை ஆரம்பித்து வைத்த லாஸ்ட் ஃபாரஸ்ட் கடை இருக்கிறது. பழங்குடியினர் எடுக்கிற காட்டுத் தேன் அங்கே கிடைக்கும். தோடர்களின் கருப்பு சிவப்புப் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாதிரி அச்சடித்த மெஷின் சால்வையும் விற்கிறார்கள், திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கையால் தைத்ததில் பின்பக்கமும் நூல் ஓட்டம் இருக்கும். ஆனால் 'தோடர் மந்துக்குக் கூட்டிப் போகிறோம், போட்டோ எடுக்கலாம்' என்று பேக்கேஜில் சேர்த்திருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். மந்து என்பது அவர்கள் குடியிருக்கிற இடம். அவர்களே கூப்பிட்டால் போகலாம்.

பேக்கேஜ் என்றதும் நினைவு வருகிறது. தேனிலவு என்று பதிவில் போட்டாலே சில விஷயங்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்: கட்டில் மேல் ரோஜா இதழால் இதயம், துண்டில் செய்த இரண்டு அன்னம், பலூன், தெர்மாகோல் எழுத்து, ஜிகினாத் தூள். ரோஜா இதழை விடுங்கள், மக்கிவிடும் (ஈரமாகக் காலில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் அறை முழுக்க வரும் என்பது வேறு விஷயம்). ஜிகினாவும் பலூனும்தான் பிரச்சினை. பெருக்கும்போது காற்றில் பறந்து தேயிலைக்குள் போய்விடும், பொறுக்கவே முடியாது. பதிவு செய்யும்போதே "அலங்காரம் வேண்டாம், வேண்டுமானால் ஒரு பாத்திரத்தில் பூ வையுங்கள்" என்று எழுதிவிடுங்கள். ஒரு தடவை சொன்னால் விட மாட்டார்கள். இரண்டு தடவை சொல்லுங்கள்.

கணப்பு அடுப்பு உள்ள அறை கிடைத்தால் தயங்க வேண்டாம். எரிப்பது பெரும்பாலும் சீகை, கற்பூர விறகு. இரண்டும் வெளியிலிருந்து வந்து எங்கள் புல்வெளியைத் தின்ற மரங்கள், கொஞ்சம் எரிந்தால் எனக்கு வருத்தமில்லை. வெளியே புல்லில் மூட்டுகிற கேம்ப் ஃபயர் வேறு. தை, மாசியில் காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும்.

வந்து சேர்வதற்கு: சொந்தக் கார் வேண்டாம். காரில் வந்தால் இ-பாஸ் (இணைய வழி நுழைவு அனுமதி) எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் அந்தத் தொல்லை இல்லை. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கே காலை 7.10க்கு மலை ரயில். 46 கிலோமீட்டருக்கு ஊட்டி வரை கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும், ஆனால் நீங்கள் குன்னூரிலேயே இறங்கிவிடலாம். அங்கிருந்து கோத்தகிரிக்குப் பேருந்து இருக்கிறது. நான்கு நாளும் ஒரே இடத்தில் தங்குங்கள். ஊட்டி, குன்னூர், மசினகுடி என்று நாளுக்கொரு அறை மாறினால் ஒவ்வொரு அறையிலும் விரிப்பு, துண்டு, கழுவல் எல்லாம் மறுபடி மறுபடி, உங்கள் நேரமும் வளைவுகளிலேயே போய்விடும்.

ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்பு திறக்கும். மலை ரயிலில் இடம் குறைவு, தை மாத முகூர்த்த நாட்களில் உடனே தீர்ந்துவிடும். கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். டிக்கெட் உறுதியானதும் அறைக்கு முன்பணம் கட்டினால் போதும். அப்புறம், ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். கல்லாறு தாண்டி ரயில் பல்சக்கரத்தில் ஏற ஆரம்பித்ததும் தேட வேண்டி வரும்.